கழுதைப் பாறையில் வைத்தது

எங்கள் கூட்டத்தில் அத்தை மகனும் மாமன் மகனும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டால், இரண்டு பேரில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். திட்டிக்கொள்வதுதான் அவர்களுக்கு நலம் விசாரிப்பு. என் கணவன் அகாலியும் அவனுடைய மாமன் மகன் பில்யாவும் நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒருவனை ஒருவன் திருடன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"டேய் திருடா, என் ஒட்டகம் எங்கடா?" என்று பில்யா எங்கள் கூடாரம் கண்ணில் பட்டதுமே கத்துவான்.

"உன் ஒட்டகத்த எவன் மச்சான் திருடுவான்? அது நொண்டி நொண்டி நடக்கிற நடைக்கு, ஓட்டிட்டு வந்து சேர்றதுக்குள்ள திருடனுக்கே தாடி நரைச்சிரும்."

பில்யாவின் ஒட்டகத்துக்கு முன்னங்கால் ஒன்று உட்பக்கமாகத் திரும்பியிருக்கும். அது மண்ணில் பதிக்கும் தடம் பிறையைப் போலிருக்கும். எங்கள் மலையில் அந்தத் தடத்தைத் தெரியாதவர் இல்லை.

திருடன் என்பது எங்களுக்கு அவ்வளவு வேடிக்கையான சொல்லாக இருந்தது. நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அயிர் மலையில் கொள்ளை உண்டு. பட்டப்பகலில், வாளோடு, தன் பேரைக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்து அடுத்த கூட்டத்து ஒட்டகங்களை ஓட்டிப் போனால் அது சண்டை. ஜெயித்தவனைப் பற்றிப் பெண்கள் நாங்களே பாட்டுக் கட்டுவோம். ஆனால் வழியில் வைத்துவிட்டுப் போன சுமை வேறு. பாலைவனத்தில் ஒட்டகம் படுத்துவிட்டால் சுமையை இறக்கி, ஓரமாக வைத்து, பாயால் மூடி, நாலு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த மாதம் வரலாம், அடுத்த வருடம் வரலாம். அது அங்கேயே இருக்கும். போகிறவர் வருகிறவர் யாராவது பாய் விலகியிருப்பதைப் பார்த்தால் இழுத்து மூடி, இன்னொரு கல்லையும் வைத்துவிட்டுப் போவார்கள். இதற்கெல்லாம் நன்றிகூடச் சொல்வதில்லை. யார் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு!

பிரெஞ்சுக்காரர்கள் மலையடிவாரத்தில் மண்கோட்டை கட்டி உட்கார்ந்தபோது, முதலில் கை வைத்தது எங்கள் ஒட்டகங்களில். சிப்பாய்களுக்கு என்று பிடித்துக்கொண்டு போவார்கள். போனது எலும்பும் தோலுமாகத் திரும்பும், அல்லது திரும்பாது. ஒட்டகம் இல்லாமல் பாலைவனத்துக்கு அப்பால் பில்மாவுக்குப் போய் உப்பு எடுத்து வர முடியாது. உப்பு இல்லாமல் தெற்கே போய்க் கம்பு வாங்க முடியாது. அதனால்தான் எங்கள் தலைவர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். சிந்தர் பட்டணத்திலிருந்து வெள்ளைக்காரர்களின் சரக்கை நாங்கள் கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் எங்கள் ஒட்டகங்களைத் தொடக்கூடாது, உப்புப் பயணத்தை மறிக்கக்கூடாது.

மொழிபெயர்த்தவன் டான்லாடி என்ற தெற்கத்தி ஹௌசாக்காரன். நல்லவன்தான். ஆனால் இரண்டு பக்கமும் பயந்து பயந்து அவனுக்கு எப்போதும் வியர்த்துக் கொட்டும். "சாமான் முழுசா, கெடாம வந்து சேரணும்னு எழுதியிருக்கு" என்றான். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். கொண்டுவருகிறேன் என்று வாங்கிய சுமையை வழியில் விழுங்கிவிட எங்களுக்கு என்ன கேடு? வந்து சேரும் என்றார்கள். எப்போது என்று அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

முதல் சரக்கை ஏற்றிவரப் போனவன் அகாலி. நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கட்டிகள், வெள்ளைத் துணிப் பொதிகள், ஆணிப் பெட்டிகள். அதோடு கோட்டை லெப்டினன்டுக்கு ஓர் இரும்புக் கட்டில். பயணத்தில் கூடப் போயிருந்த பில்யா அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னதை மலை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

"ஏன்டா திருடா, ஒருத்தன் படுக்கிறதுக்கு ஒரு ஒட்டகம் சாகணுமா?"

சொன்னபடியே ஆயிற்று. கட்டிலின் இரும்புக் கால்கள் உரசி உரசி அந்த ஒட்டகத்தின் முதுகு புண்ணாகிவிட்டது. கழுதைப் பாறைக்குப் பக்கத்தில் அது படுத்தது, எழுந்திருக்கவில்லை. இன்னும் சில ஒட்டகங்களும் தள்ளாடின. அகாலி கட்டிலையும் சர்க்கரையில் பாதியையும் துணிப் பொதிகளையும் பாறையின் நிழற்பக்கம் இறக்கினான். தன் சுமையாக இருந்திருந்தால் ஒரு பாய் போட்டிருப்பான். வேற்றாள் சுமை என்பதால் இரண்டு பாய் போட்டு மூடினான். மிச்சத்தோடு கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே நடந்ததை டான்லாடி பிறகு என்னிடம் சொன்னான்.

"கட்டில் எங்கே?" என்று லெப்டினன்ட் கேட்டிருக்கிறான்.

"கழுதைப் பாறையில இருக்கு."

"யார் பொறுப்புல?"

"யார் பொறுப்புலயும் இல்ல. மண்ணுல வச்சிருக்கேன். ஒட்டகம் மேஞ்சு முதுகு ஆறினதும் கொண்டாந்து குடுத்திடுவேன்."

"காவலுக்கு யாரு?"

"காவல் எதுக்கு?"

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் டான்லாடியால் மொழிபெயர்க்கவே முடியவில்லையாம். எப்படிச் சொன்னாலும் கேலி செய்வதுபோல வந்ததாம். சரக்கை வழியில் விற்றுத் தின்றுவிட்டான் என்று லெப்டினன்ட் முடிவு கட்டி, அகாலியைக் கோட்டைக்குள் அடைத்தான். உப்புப் பயணம் கிளம்புவதற்குள் சரக்கு வரவில்லையென்றால் ஒப்பந்தம் முறிந்தது, ஒட்டகங்களைப் பிடிப்போம் என்றும் சொல்லி அனுப்பினான்.

செய்தி வந்தபோது ஒட்டகங்கள் எல்லாம் பில்யாவோடும் மற்ற ஆண்களோடும் தெற்கே மழைக்காலத்து உப்புப் புல் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. மழை முடியாமல் அவர்கள் திரும்ப மாட்டார்கள். எங்கள் தலைவருக்கோ ரோஷம். "நம்ம வாக்க சந்தேகப்பட்டவன் காத்துக் கிடக்கட்டும்" என்றார். காத்துக் கிடப்பது லெப்டினன்டா, என் புருஷனா? எனக்கு வந்த கோபத்தில் அவர் முன்னாலேயே கழுதைக்குச் சேணம் பூட்டினேன்.

கோட்டையில் அகாலி இருந்த இடத்துக்கு டான்லாடி கூட்டிப் போனான். அவன் முகத்துணியை உருவியிருந்தார்கள். எங்கள் ஆண்கள் பருவம் வந்த நாளிலிருந்து வாயை மூடித் துணி சுற்றுகிறவர்கள். சாப்பிடும்போதுகூட அதற்கடியில்தான் கை போகும். சோற்றை வழித்து வழித்துத் தின்கிற சிப்பாய்களுக்கு நடுவில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அந்தக் கையை எடுக்காமல்தான் தூங்குகிறான் என்று டான்லாடி சொன்னான். நான் என் தலைத்துணியை அவிழ்த்து அவன் மடியில் போட்டேன். பெண்பிள்ளை துணியென்று யோசிக்காமல் அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"ஆட்டுக்கெல்லாம் தண்ணி காட்டினியா?" என்று கேட்டான்.

"நீ கேக்குற கேள்வியப் பாரு!" என்றேன். அழுகை வந்துவிட்டது.

நேரே லெப்டினன்டிடம் போனேன். மலையில் அவனுக்குச் செங்காதன் என்று பேர். வெயிலில் காது இரண்டும் சிவந்து தோலுரிந்து கிடக்கும். நான் போனதும் எழுந்து நின்று, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். வலது காலில் கட்டுப் போட்டிருந்தான். தரையில் படுத்தவனைத் தேள் கொட்டிவிட்டதாம். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"இவனோட முகத்துணிய எதுக்குப் புடுங்கினீங்க?" என்று டான்லாடியிடம் கேட்டேன்.

"கழுத்துல சுருக்குப் போட்டுக்குவானோன்னு பயம் தாயி."

"அதுவரைக்கும் அவனுக்கு அந்த நினைப்பே இருந்திருக்காது. நீங்க புடுங்கினப்பறம்தான் வந்திருக்கும். அத அப்படியே சொல்லு."

டான்லாடி ஏதோ சொன்னான். நான் பேசியதைவிட அது மிகவும் குட்டையாக இருந்தது. செங்காதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நீளமாகப் பேசினான்.

"கட்டிலுக்காகக் கோபப்படலங்கிறார். மேல இருக்கிறவங்களுக்குச் சரக்கு எங்கன்னு பதில் சொல்லணுமாம். நடுக் காட்டுல, காவல் இல்லாம, சர்க்கரைய வச்சுட்டு வந்தேன்னு சொன்னா எவன் நம்புவான்னு கேக்குறார்."

"நம்ப வேணாம். வந்து பாக்கச் சொல்லு. ஒட்டகம் வச்சிருக்கார்ல? சிப்பாய் இருக்காங்கல்ல? என்கூட வரட்டும். பாறையக் காட்டுறேன்."

"சரக்கு அங்க இல்லன்னா?"

"என்னையும் அவன் பக்கத்துல கட்டிப் போடச் சொல்லு. ஆடுகளை என்ன பண்றதுன்னு அப்பறம் நீயே யோசி."

மறுநாள் காலையில் கிளம்பினோம். வாய்தான் பெரிதாகப் பேசிவிட்டதே தவிர, வழியெல்லாம் எனக்குள் உதறல். மனிதர்களைப் பற்றிப் பயமில்லை. அந்த வருடம் மழை முன்னதாகவே பெய்திருந்தது. ஓடையில் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துப் போயிருந்தால் செங்காதனுக்கு எதைக் காட்டுவது? சர்க்கரை கரைந்த தண்ணீரையா?

பாறையைச் சுற்றித் திரும்பியதும் முதலில் தெரிந்தது அகாலியின் பாய் அல்ல. அதற்கு மேல் வேறு யாரோ மூன்றாவதாக ஒரு பாய் போட்டிருந்தார்கள். நரி சர்க்கரையைத் தோண்டாமலிருக்க முள்ளை வெட்டிச் சுற்றிலும் வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் ஒதுங்கிப் போக யாரோ காலால் மண்ணை இழுத்து வரப்புக் கட்டியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சிப்பாய்கள் பாயை விலக்கினார்கள். செங்காதன் மண்டியிட்டு ஒவ்வொரு சர்க்கரைக் கட்டியாகத் தொட்டுப் பார்த்தான். துணிப் பொதியில் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. கட்டில் கால் ஒன்றில்கூடத் துரு இல்லை. அவன் மணலில் சப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன சொல்றார்?"

"அவர் ஊர்ல கடை வாசல்ல குடைய வச்சுட்டு உள்ள போய்த் திரும்பினா குடை இருக்காதாம்."

"அப்படிப்பட்ட ஊரா? பாவம். அதான் இங்க வந்துட்டாங்க."

டான்லாடி இதை மொழிபெயர்க்கவில்லை. செங்காதன் எழுந்து பாறையைச் சுற்றி நடந்தான். அங்கே எங்கள் சுமை மட்டும் இல்லை. பில்மா உப்புக் கட்டிகள், கம்பு மூட்டைகள், யாரோ ஒருத்தியின் கல்யாணக் கூடாரத்துக் கால்கள், தோல் பைகள் என்று கல் வைத்தபடி ஏழெட்டுச் சுமைகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் காட்டி, இது யாருடையது என்று கேட்டான்.

"யாரோடதோ."

"அவன் எப்ப வருவான்?"

"ஒட்டகம் கிடைச்சதும் வருவான்."

"அவன் செத்துட்டா?"

"அவன் அக்கா மகன் வருவான். எங்க வழக்கத்துல அவன்தான் வாரிசு."

செங்காதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பள்ளிவாசலுக்குள் வந்தவன்போல நின்றான். எனக்கு அவனைப் பிடித்துப் போனது அந்த நேரத்தில்தான். அகாலியை விடுதலை செய்கிறேன் என்றான். மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். ஒப்பந்தம் நிற்கும், ஒட்டகங்களை இனி யாரும் தொட மாட்டார்கள் என்றான். பிறகு சிப்பாய்கள் பக்கம் திரும்பி ஏதோ உத்தரவு போட்டான். அவர்கள் உப்புக் கட்டிகளின் மேலிருந்த கற்களைத் தள்ள ஆரம்பித்தார்கள்.

"அது நம்மது இல்ல! அது வேற ஆளோடது!" என்று ஓடினேன்.

"தெரியும் தாயி" என்றான் டான்லாடி. "எல்லாத்தையும் கோட்டைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமா வைக்கச் சொல்றார். இவ்வளவு நல்ல ஜனங்களோட பொருள் மழையிலயும் வெயிலயும் கிடக்கலாமான்னு கேக்குறார். நல்லதுக்குத்தான் சொல்றார்."

"வச்சவன் இங்க வந்துல்ல தேடுவான்?"

"கோட்டைக்கு வந்து கேட்டா குடுத்திடுவோம்கிறார்."

"கோட்டையில இருக்குன்னு அவனுக்கு யார் சொல்வா? கல்லு சொல்லுமா?"

செங்காதன் என் கோபத்தைப் பார்த்துத் திகைத்துப் போனான். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தவன்போல இருந்தது அவன் முகம். வழியில் இருக்கும் பொருளைக் காப்பது தன் கடமை என்றும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றும் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் ஒரு கல்லை எடுத்து ஒரு சிப்பாயின் காலில் எறிந்தேன். அவன் காலைத் தடவிக்கொண்டு மூட்டையைத் தூக்கினான். கடைசியில் அந்தக் கூடாரக் கால்களையும் கட்டி ஏற்றினார்கள். கழுதைப் பாறை வழித்துவிட்ட சட்டிபோல ஆயிற்று.

அகாலியை விட்டார்கள். அவன் ஒட்டகத்தையும், சிவப்புத் தோலும் செம்பும் வைத்து அகடெஸ் பட்டணத்தில் செய்த அவனுடைய சேணத்தையும், முகத்துணியையும் திருப்பிக் கொடுத்தார்கள். என் தலைத்துணியை மடித்து என்னிடம் நீட்டினான். வழியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நம்பவில்லை. பாறைக்கு வந்து, சுமைகள் இருந்த இடத்தில் கற்கள் மட்டும் சிதறிக் கிடப்பதைப் பார்த்த பிறகு நம்பினான். ரொம்ப நேரம் இறங்காமல் ஒட்டகத்தின் மேலேயே இருந்தான்.

"என்னை உள்ளயே வச்சுக்கிட்டு இத விட்டிருக்கலாம்" என்றான்.

"அப்படிச் சொன்னா அறைவேன்" என்றேன். "உன்னைக் கூட்டிட்டு வரத்தான் போனேன். பாறையக் காப்பாத்தப் போகல."

அவன் ஒட்டகத்தைப் படுக்க வைத்தான். இறங்கினான். சேணத்தை அவிழ்த்து, பாறையின் நிழற்பக்கம் வைத்து, அதைச் சுற்றி நாலு கல் வைத்தான்.

"பைத்தியமா உனக்கு?"

"இடம் காலியா இருந்தா அடுத்து வர்றவன் எதையும் வைக்கப் பயப்படுவான். ஏதாவது ஒண்ணு கிடக்கணும்."

வெறும் முதுகில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தான். கூடாரத்தில் ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது. அதை வைத்து நான் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவனும் சிரித்தான். அந்தச் சில நாட்கள் நன்றாக இருந்தன.

பிறகு பேச்சுகள் வர ஆரம்பித்தன. பாறைக்குப் போன உப்புக்காரர் ஒருவர் தன் சுமையைக் காணாமல், கிணற்றடியில் பார்த்தவர்களையெல்லாம் முறைத்தாராம். கூடாரக் கால்களைத் தேடி வந்தவர்கள் பக்கத்துக் கூட்டத்தோடு கைகலக்கப் பார்த்தார்களாம். நான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பொருள் கோட்டையில் இருக்கிறது என்று தொண்டை வற்றச் சொன்னேன். போனவர்களுக்குச் செங்காதன் ஒன்றுவிடாமல் கொடுக்கவும் செய்தான். கொடுத்து என்ன? கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் மனதில் யார் யாரோ திருடர்களாகி முடிந்திருந்தது.

மழை ஓய்ந்ததும், உப்புப் பயணத்துக்குச் சேணத்தை எடுத்துவர அகாலி கிளம்பினான். நானும் கூடப் போனேன். பாறையில் சேணம் இல்லை. நாலு கல்லும் தள்ளிக் கிடந்தன.

அகாலி குனிந்து தரையைப் பார்த்தான். மழையில் நனைந்து காய்ந்த களிமண்ணில் தடம் அச்சு வைத்ததுபோலப் பதிந்திருந்தது. பிறைத் தடம். பாறைக்கு வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. அதற்கப்பால் மணல், அங்கே காற்று எதையும் விட்டுவைக்கவில்லை.

"பில்யா" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தச் சேணத்து மேல அவனுக்கு எப்பவும் ஒரு கண்ணு" என்றான்.

"உனக்கு என்ன ஆச்சு? உன் மாமன் மகனய்யா அவன்! அவனா எடுப்பான்?"

"வேற யாரு வந்தா? தடம் இருக்குல்ல? முன்ன மாதிரி இருந்தா நானும் இப்படிச் சொல்ல மாட்டேன். இப்ப எல்லாருந்தான் எடுக்கிறாங்க."

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நேராக பில்யாவிடம் போய்க் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கோட்டைப் பக்கம் ஒட்டகத்தைத் திருப்பினான். வழியில் திருட்டு நடந்தால் கோட்டையில் சொல்லலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதைக் கேட்டு எங்கள் ஆட்கள் அன்றைக்குச் சிரித்திருந்தார்கள்.

செங்காதன் முற்றத்தில் கூரை நிழலில் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அகாலி அவன் முன்னால் போய் நின்று, டான்லாடியிடம் சொன்னான்: "என் சேணம் திருடு போயிருச்சு. எடுத்தவன் பேரு பில்யா. என் மாமன் மகன்."

டான்லாடி வாயைத் திறந்தான். அதற்குள் செங்காதன் அகாலியை அடையாளம் கண்டு துள்ளி எழுந்துவிட்டான். இரு இரு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினான். ஒரு பெரிய பாய் சுருளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பாயைப் பிரித்தான். உள்ளே அகாலியின் சேணம், செம்புப் பூண் பளபளக்க இருந்தது. அவனே துடைத்து வைத்திருந்தான்.

"ரோந்து போன சிப்பாய்ங்க பாறையில பாத்தாங்களாம்" என்றான் டான்லாடி தணிந்த குரலில். "உங்களோடதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுதாம். நீங்க வர்றவரைக்கும் பத்திரமா வச்சிருந்தாராம். எதுவும் திருடு போகலன்னு சொல்றார்."

நான் சேணத்தைப் பார்க்கவில்லை. பாயைத்தான் பார்த்தேன். விளிம்பில் கறுப்புத் தோல் வார் கோத்து, மூலையில் அசிங்கமாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சைப் போடுகிறவள் இந்த மலையிலேயே ஒருத்திதான். பில்யாவின் பெண்டாட்டி. முடிச்சா இது, கட்டியா என்று நானே அவளை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! பில்யா மேய்ச்சலிலிருந்து திரும்புகிற வழியில் சேணம் மூடாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். இறங்கித் தன் பாயைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குத்தான் அந்தத் தடம். சிப்பாய்கள் வந்தது களிமண் காய்ந்த பிறகு, அவர்கள் தடம் பதியவில்லை.

அகாலிக்கும் தெரிந்துவிட்டது. முகத்துணிக்கு மேலே தெரிந்த அந்தக் கொஞ்சம் முகமும் சாம்பலாகிவிட்டது. செங்காதன் சேணத்தை நீட்டினான். நண்பனுக்குச் செய்த உதவியை நினைத்து அவன் முகமெல்லாம் சிரிப்பு. அகாலி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வான்? அந்த மனிதன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். அவன் நல்லவனாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாசல்வரை வந்த டான்லாடி அகாலியின் தோளைத் தொட்டான். "அந்தப் பேர நான் சொல்லல. அவருக்குத் தெரியாது" என்றான்.

"நான் சொன்னேனே" என்றான் அகாலி.

திரும்பும் வழியில் அவன் கழுதைப் பாறைப் பக்கமே போகவில்லை. நேராக பில்யாவின் கூடாரத்துக்குத்தான் போனோம். அங்கே உப்புப் பயணத்துக்காக நாலைந்து பேர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். பில்யா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். அகாலியின் கையிலிருந்த பாயையும் பார்த்துவிட்டான். எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினான்.

"வாடா திருடா! போனாப் போகுதுன்னு உன் சேணத்துக்கு நிழல் குடுத்தா, என் பாயையே சுருட்டிட்டுப் போயிட்டியா?"

கயிறு திரித்தவர்கள் சிரித்தார்கள். பில்யாவின் பெண்டாட்டியும் கூடாரத்துக்குள்ளிருந்து சிரித்தாள். எல்லோரும் அகாலியின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், அவன் என்ன திருப்பிக் கொடுப்பான் என்று.

அகாலி ஒட்டகத்திலிருந்து இறங்கினான். பாயை ஒழுங்காகச் சுருட்டி பில்யாவின் காலடியில் வைத்தான். முகத்துணியைக் கண்வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"உங்க பாய் நல்லபடியா இருக்கு" என்றான். "ரொம்ப நன்றிங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. பில்யா அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பயந்துபோய் என் பக்கம் திரும்பினான்.

"என்னம்மா ஆச்சு இவனுக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஆமாண்ணே" என்றேன். "உடம்பு சரியில்ல."